ஈரச் சுவருக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் கட்டடத்தில் பளிச்சக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் பால்காரரிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவர் பளிச்சக்காதான். பெரிய ஓட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிற வேலை. பதினெட்டு வருஷமாக, நாளைக்குப் பதினான்கு அறை. அத்தனையையும் முடித்துவிட்டு வந்தாலும் கை சும்மா இருக்காது. மாடிப்படியின் கைப்பிடியைப் போகிற போக்கில் துடைத்துக்கொண்டே போவார். என் செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் அதை நேராக்கி வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். என் செருப்பு, நான் கோணலாக விடுகிறேன், இவருக்கு என்ன?

நான் மாடியில் இருக்கிறேன். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் கணினியும் போட்டு, ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பிறப்புச் சான்றிதழ், குழாய் இணைப்பு, தெருவிளக்கு என்று எதற்கும் எழுதுவேன். எழுதிய மனுக்களில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதும்போது ஒரு திமிர் இருக்கும். நான் எழுதினால் எவனும் தட்ட முடியாது என்று நினைத்துக்கொள்வேன்.

பளிச்சக்காவின் வீடு எனக்கு நேர் கீழே. தெருவிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும். ஒரு அறை, அதன் மூலையிலேயே சமையல், பின்னால் குளியலறை. அந்த அறையில் கட்டில் போட ஒரே ஒரு இடம்தான் உண்டு, உள்சுவரை ஒட்டி. அந்தச் சுவருக்குள்தான் என் குளியலறைத் தண்ணீர் இறங்கும் குழாய் போகிறது. உள்ளே எங்கோ விரிசல். நான் குளித்தால் கீழே சுவர் குளிக்கும். தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை கறுப்புப் பூஞ்சை அப்பிக்கிடக்கும். துணி அலமாரியைத் திறந்தால் அந்த வாடைதான் முதலில் வெளியே வரும். இது தெரிந்த பிறகு நான் அரை வாளித் தண்ணீரில் குளிக்கப் பழகினேன். அதனால் சுவர் காய்ந்ததா என்றால் இல்லை. எனக்குத்தான் உடம்பு அரித்தது.

அந்தக் கட்டிலில் பகல் முழுக்கப் படுத்திருப்பவர் அக்காவின் கணவர், எங்களுக்கு மாவண்ணன். மாவு ஆலையில் சலிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். "ஆலையை விட்டு வரும்போது எல்லாரும் கடிகாரம் வாங்கிட்டு வருவாங்க. நான் நெஞ்சுக்குள்ள ஆலையவே தூக்கிட்டு வந்துட்டேன்" என்பார். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த வம்பு என்ன இழுக்கலாம் என்று யோசிப்பார். அப்படி ஒரு மனுஷன்.

டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. மருந்து பாதிதான், காய்ந்த அறை மீதிப் பாதி. இதே அறையில் இன்னும் ஒன்றிரண்டு வருஷம் இருந்தால் பிறகு யார் கையிலும் இல்லை. சொல்லும்போது அக்கா என் மேஜையில் கிடந்த தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டே இருந்தார்.

வேறு வீடு பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். பார்த்தார்கள். ஐந்தாறு வீடு வரை நானும் கூடப் போனேன். எல்லா இடத்திலும் பேச்சு நன்றாகத்தான் ஆரம்பிக்கும். மாவண்ணன் ஒரு முறை இருமுவார். உடனே "நேத்துதான் வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்" என்று கதவு சாத்தப்படும். இருமுகிறவனுக்கு இந்த ஊரில் இடம் கிடையாது.

வீட்டுக்காரரைச் சொல்லி என்ன பயன்? கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் சிரிக்கிற ஆள். "ஆமாம்மா, பாத்துடலாம்மா, ஆள் சொல்லியிருக்கேன்" என்று சொல்லியே மூன்று வருஷத்தை ஓட்டினார். ஒரு தடவை நிஜமாகவே ஆள் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "உடைக்கணும்" என்றார். போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் நகராட்சி வாசலில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வாடகைக்கு விடுகிற வீடு எப்படி இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதாம். சுவரில் ஈரமும் பூஞ்சையும் கூடாது, சன்னல் திறக்க வேண்டும், மின்சார இணைப்பு தண்ணீர் படாத இடத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். வீடு தேறாவிட்டால் குறித்த நாளுக்குள் வீட்டுக்காரர் சரி செய்தாக வேண்டும், அதுவரை குடியிருப்பவருக்கு நகராட்சியே வேறு இடம் கொடுக்கும். நான் அதை நின்றபடி மூன்று முறை படித்தேன். இது அந்தச் சுவருக்காகவே எழுதிய விதி என்று தோன்றியது.

அன்று எழுதிய மனுவைப் போல நான் இதுவரை எழுதியதில்லை. மூன்று பக்கம். பூஞ்சையின் நீளம், அகலம், நிறம், வாடை எதையும் விடவில்லை. 'சுவர் முழுவதும் கரிய பூஞ்சை படர்ந்து, குடியிருப்போரின் மூச்சை அன்றாடம் குறைத்து வருகிறது' என்று எழுதினேன். போனில் எடுத்த நாலு படத்தையும் சேர்த்தேன். மாவண்ணனுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்ம சுவரைப் பத்தியா இவ்வளவும்? இதக் கேட்டா சுவருக்கே அழுகை வந்துடும் தம்பி" என்றார்.

"இருங்கண்ணே. ஆள் வந்து ஒரு பார்வை பாத்தாப் போதும். வேற எதுவுமே வேணாம்" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வருவார். அக்கா புதன், வியாழன் இரண்டு நாள் விடுப்பு போட்டார். பதினெட்டு வருஷத்தில் அவர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் ஆய்வுக்கு எதற்கு இரண்டு நாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

புதன் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா படியில் நின்றிருந்தார்.

"தம்பி, உங்க ரூமுக்கு அடிச்சது போக வெள்ளை பெயின்ட் கொஞ்சம் மிச்சம் இருக்குன்னீங்களே, இருக்கா?"

"இருக்குக்கா. எதுக்கு?"

"இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

கதவுக்கோ அலமாரிக்கோ என்று நினைத்தேன். அரை டப்பா இருந்தது. பிரஷ்ஷும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். என் கையால் கொடுத்தேன்.

இந்த இடத்தில் ஓட்டல் ஆய்வு என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். அக்கா முன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். அறை முடிந்ததும் மேற்பார்வை அம்மா வருவார். கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டுவார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தலையணையில் ஒரே ஒரு முடி கிடந்ததற்காக ஒரு முறை அக்காவின் பதவி உயர்வு நின்று போயிருக்கிறது. ஆய்வு என்றால் கண்ணில் எதுவும் படக்கூடாது. பதினெட்டு வருஷம் பதினான்கு பதினான்காக இதே பாடம்தான். அது அக்காவின் மூளையில் இல்லை, கையில் இறங்கியிருந்தது. 'ஆய்வாளர் வருகிறார்' என்று கடிதத்தில் பார்த்ததும் கை அதன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் ஆய்வாளரை வாசலிலேயே பிடித்து, நானே கீழே அழைத்துப் போனேன். நல்ல மனிதர். நடுத்தர வயது, கையில் அட்டையில் செருகிய படிவம், சட்டைப் பையில் இரண்டு பேனா. மூன்று படி இறங்கி உள்ளே காலை வைத்தேன்.

சுவர் வெள்ளையாக இருந்தது. பூஞ்சையைச் சுரண்டி, ஓட்டலில் குளியலறை கழுவும் மருந்தால் தேய்த்து, அதன் மேல் இரண்டு பூச்சு அடித்திருந்தார். ஒரு புள்ளி இல்லை. தரை மின்னியது. கட்டில் விரிப்பு மொறமொறவென்று இழுத்துச் செருகியிருந்தது. மாவண்ணன் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, கட்டில் ஓரத்தில் விருந்துக்குப் போகிறவர் போல உட்கார்ந்திருந்தார். அக்கா கதவருகே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை. அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆய்வாளர் மனுவைப் புரட்டினார், சுவரைப் பார்த்தார், மறுபடி மனுவைப் பார்த்தார்.

"சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சைன்னு எழுதியிருக்கே. இது அந்த வீடுதானா?"

"இதே வீடுதான் சார். நேத்து பெயின்ட் அடிச்சிருக்காங்க" என்றேன்.

"யாரு, வீட்டுக்காரரா?"

"இல்ல சார், நான்தான்" என்றார் அக்கா. குரலில் இன்னும் அந்தப் பெருமை போகவில்லை.

ஆய்வாளர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். எனக்கு உயிர் வந்தது. சில்லென்று இருந்திருக்கும். கையை எடுத்துப் பார்த்தார், லேசாக வெள்ளை ஒட்டியிருந்தது. "பெயின்ட் இன்னும் காயல" என்று சொல்லிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சார், அது பெயின்ட் ஈரம் இல்ல, உள்ள குழாய் கசியுது. நாலு படம் வெச்சிருக்கேன் பாருங்க."

"படம் எந்த வீட்டுலயும் எடுக்கலாம் சார். நான் வந்த அன்னைக்கு என்ன இருக்கோ, அதத்தான் எழுத முடியும்."

அடுத்தது சன்னல். அறையில் ஒரே சன்னல், திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கு எட்டும். அவர் திறந்து பார்த்தார். திறந்தது. 'திறக்கிறது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார். எதை நோக்கித் திறக்கிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை.

"உங்களுக்கு மூச்சுத் தொந்தரவுன்னு போட்டிருக்கு. இப்ப எப்படி இருக்கு?" என்று மாவண்ணனைக் கேட்டார்.

மாவண்ணன் முகம் சிவந்திருந்தது. இருமலை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வந்தவர் எதிரில் இருமிக் கொட்டக் கூடாது என்று அவர் ஒரு மரியாதை வைத்திருந்தார். வாயைத் திறக்காமல், பரவாயில்லை என்று தலையை ஆட்டினார்.

"சொல்லுங்கண்ணே!" என்று நான் கத்தியேவிட்டேன்.

ஆய்வாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏம்மா, உங்களுக்கு வேற ஏதாவது குறை இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் முகத்தில் என்னவோ தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெளியாள் தன் வீட்டின் நடுவே நின்று 'உன் வீட்டில் என்ன அழுக்கு' என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "இப்ப... பரவாயில்லைங்க சார்" என்றார்.

ஆய்வாளர் படியேறும்போது, "இவ்வளவு சுத்தமா வீடு வெச்சுக்கிறவங்க ரொம்பக் கம்மி" என்று பாராட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்து, மாவண்ணன் கால் மணி நேரம் விடாமல் இருமினார். நான் தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்கா இப்படிப் பண்ணீங்க? அந்தப் பூஞ்சையப் பாக்கத்தானே அவர வரச் சொன்னோம்!" என்றேன்.

"ஒரு ஆபீசர் வராருன்னு லெட்டர் வந்திருக்கு தம்பி. எப்படி அப்படியே போட்டு வெக்கிறது? நம்மளப் பத்தி என்ன நினைப்பாரு?" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். சுவரைப் பார்த்தார். "நானே கெடுத்துட்டேனா?"

"அவரு வந்ததே உன் வேலையப் பாத்துட்டு மார்க் போடத்தான்னு நினைச்சுட்டியா?" என்றார் மாவண்ணன், மூச்சுக்கு இடையில். சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் சான்றிதழ் வந்தது. 'குறைந்தபட்சத் தரத்தை நிறைவு செய்கிறது. ஓராண்டு செல்லும்.' வீட்டுக்காரர் தன் பிரதியை லாமினேட் செய்து மாடிப்படி வாசலில் ஆணியடித்து மாட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சான்றிதழ் வந்த அதே வாரம் வெள்ளைச் சுவரில் சாம்பல் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. அடுத்த வாரம் பெயின்ட் அப்பளமாய்க் கிளம்பி உதிர்ந்தது. அதற்கடுத்து பழைய கறுப்பு, பழைய உயரத்துக்கே வந்து நின்றது.

நான் மறுபடி மனு எழுதினேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைத் தினமும் எதிர் மேஜையில் பார்க்கிற எழுத்தர்தான். "சான்றிதழ் இருக்கிற வீட்டுக்கு அதே புகார ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாது சார். உங்களுக்கே தெரியும்" என்றார். எனக்கே தெரியும்தான். இது மாதிரிப் பதில்களை எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். வெளியே வந்து என் மேஜையில் உட்கார்ந்தேன். அன்று யாருக்கும் எதுவும் எழுதவில்லை.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் அந்தச் சுவரைத் தொடுவதில்லை. அடுத்த ஆய்வுக்கு அது அப்படியே இருக்க வேண்டும். கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். நாளெல்லாம் யார் யாரோ படுத்த அறைகளைத் துடைத்துவிட்டு வந்து, தன் கணவன் தலைமாட்டில் பூஞ்சை வளர்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். துணியை எடுப்பார். ஈரம் பிழிவார். சுவர்ப் பக்கம் போவார். திரும்பி வந்து அடுப்பைத் துடைப்பார். அடுப்பு துடைத்துத் துடைத்து நிறமே போய்விட்டது. சுத்தம் செய்தால் சாட்சி அழிந்துவிடும், செய்யாவிட்டால் மாவண்ணனுக்கு மூச்சு முட்டும். எது சரி என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்பதைக்கூட நான் நேராகச் சொல்லவில்லை. "பாக்கலாம்கா" என்றேன். வீட்டுக்காரரின் குரல் எனக்கும் வந்திருந்தது.

ஐந்தாம் மாதம் ஒரு மதியம் மாவண்ணனுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெரிய சன்னல்கள், காய்ந்த சுவர்கள், உயரமான கூரை. நாலாம் நாள் உட்கார்ந்தார். எட்டாம் நாள் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிற்காமல் நடந்தார். நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். அவர் எங்களைத் தாண்டும்போது அக்காவைப் பார்த்து, "பாத்தியா மேடம், மருந்தும் மாயமும் ஒண்ணுமில்ல. எனக்கு வந்திருக்கிற சீக்கு அந்த வீடுதான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் வீட்டு நிலைமை விசாரிக்க ஒரு அம்மா இருந்தார். பொறுமையாகக் கேட்டார். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். வீடு வாழத் தகுதியில்லை என்று பதிவு இருந்தால் நோயாளியை அங்கே திருப்பி அனுப்ப மாட்டார்களாம். மூன்று மாதம் ஓய்வு இல்லத்தில் வைத்துக்கொண்டு, காய்ந்த வீடாகப் பார்த்து ஏற்பாடு செய்வார்களாம். அக்கா அந்த மேஜையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா நகராட்சிக்குப் போன் போட்டார். விலாசத்தைச் சொன்னார். காத்திருந்தார். "அப்படியா, சரிங்க, சரிங்க" என்று வைத்தார்.

"ஏம்மா, உங்க வீடு நல்லா இருக்குன்னு சான்றிதழே இருக்கே. ஆய்வாளர் கைப்பட எழுதியிருக்காராம், ரொம்பச் சுத்தமா பராமரிக்கிறாங்கன்னு."

"அது நான் தேச்சுக் கழுவின சுவர்ம்மா. அன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான் அப்படி. நீங்க வந்து பாருங்க. இப்பவே வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் பாத்து ஒண்ணும் எழுத முடியாதும்மா. எனக்கு அந்த அதிகாரம் இல்ல." அந்த அம்மாவுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "இந்தச் சான்றிதழ் இருக்கிற வரைக்கும் எங்க பக்கம் வழியே இல்ல. படுக்கைக்கு வெளிய இன்னும் பன்னிரண்டு பேர் காத்திருக்காங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தார் அக்கா. நான் மூன்று பக்கம் எழுதுகிறவன், எவனும் தட்ட முடியாமல் எழுதுகிறவன். அந்த அம்மா நீட்டிய, வீட்டுக்கு அனுப்பும் படிவத்தை வாங்கி அக்கா முன் வைத்தேன். காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலை ஆட்டோவில் வந்து இறங்கினோம். மாவண்ணன் தெருவில் தானாக நின்றார், நன்றாகவே நின்றார். மூன்று படியையும் பார்த்தார். திறந்த கதவு வழியாக அந்த வாடை மேலே வந்தது. "கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்துக்கறேனே" என்றார். மேல் படியில் உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பையை வைத்துக்கொண்டு நின்றேன். எதிர் மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் எதிர்ச் சுவரில் ஏறி, மொட்டைமாடிக்குப் போய், இல்லாமல் போயிற்று. அதுவரை மாவண்ணன் ஒரு தடவைகூட இருமவில்லை.

காற்று சில்லென்று ஆனதும் அவரே எழுந்தார். "வேற எங்க போறது?" என்றார். என் தோளைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கி உள்ளே போனார்.

அக்கா எழவில்லை. முகத்தைத் திருப்பாமல் என்னைக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க தம்பி. அன்னைக்கு நான் அந்தச் சுவரத் தொடாம இருந்திருந்தா, இவரு இன்னைக்கு அந்த ஓய்வு இல்லத்துல இருந்திருப்பாரு இல்ல?"

"அப்படியெல்லாம் இல்லக்கா. நீங்க தொடாம இருந்திருந்தாலும் அவங்க இதத்தான் எழுதியிருப்பாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும். சான்றிதழுக்கு இன்னும் ஏழு மாதம் ஆயுள் இருந்தது. உள்ளே மாவண்ணன் இருமத் தொடங்கினார்.